முடக்குவாதம்: மூட்டுச் சவ்வுக்குள் என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன் என்று தெரிந்தால் போதும். திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியிலும் சரி, சந்தையில் மீன் வாங்கும்போதும் சரி, யாராவது கைப்பையிலிருந்து மடித்த ரிப்போட் ஒன்றை எடுத்து நீட்டிவிடுவார்கள். அதில் முடக்குவாத (ரூமற்றொயிட் ஆர்த்திரைற்றிஸ்) ரிப்போட்டுகள் நிறைய. என் அம்மாவுக்கும் அதே வருத்தம் என்பதால் எனக்கும் அதில் அக்கறை கூட. நின்ற நிலையில் அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே ஆறுதலாக எழுதியிருக்கிறேன். நான் டொக்டர் இல்லை. குளிசையைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் உங்கள் கிளினிக்கில் பேச வேண்டியது. மூட்டுக்குள் எந்தக் கலம் என்ன செய்கிறது என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

முடக்குவாதம் என்றால் மூட்டுத் தேய்வுதானே? வயது போனால் எல்லாருக்கும் வருவதுதானே?

இல்லை. தேய்வு என்பது குருத்தெலும்பு தேய்வது; முடக்குவாதம் உடலின் நிர்ப்பீடனமே (எதிர்ப்புச் சக்தி) மூட்டுச் சவ்வில் அழற்சியை, அதாவது சூட்டையும் வீக்கத்தையும், மூட்டிவிடுவது. இந்தக் குழப்பத்தால்தான் பலர் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று எண்ணெய் தேய்த்தே கழித்துவிடுகிறார்கள். தேய்வு பெரும்பாலும் முழங்கால், இடுப்பு, விரல்களின் நுனி மொளி ஆகியவற்றில் வரும். முடக்குவாதம் நுனி மொளியை அநேகமாகத் தொடாது. விரல்களின் அடி மொளி, நடு மொளி, மணிக்கட்டு, பாதத்தில் விரல்கள் தொடங்கும் இடம் என்று இரண்டு பக்கமும் ஒரேமாதிரிப் பிடிக்கும். 30க்கும் 60க்கும் இடைப்பட்ட வயதில் தொடங்குவது சாதாரணம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக வருகிறது.

அம்மாவுக்கு இது தெரிந்தது தேங்காய் திருவ முடியாமல் போனபோதுதான். வலது கை களைத்துவிட்டது என்று நினைத்தோம். சில கிழமைகளில் இடது கை மோதிரமும் கழற்ற வராமல் போனது.

மூட்டுச் சவ்வு என்கிறீர்களே, அது எங்கே இருக்கிறது?

கோழிக்கால் வெட்டிப் பழகியவர்களுக்கு இது லேசாக விளங்கும். மூட்டைப் பிரிக்கும்போது எலும்பு முனையில் வெள்ளையாக வழுக்குவது குருத்தெலும்பு. இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு உறை மூடியிருக்கும். அந்த உறையின் உள்பக்கத்தில் மினுங்குகிற மெல்லிய படலம்தான் மூட்டுச் சவ்வு. குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய சத்து மூட்டுத் திரவத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் திரவத்துக்கு வழுவழுப்பைக் கொடுப்பது சவ்வு. சுகமான முழங்காலில் அது ஒரு சில மில்லிலீற்றர்தான் இருக்கும். முட்டை வெண்கருபோல நூலாக இழுபடும். முடக்குவாத மூட்டிலிருந்து எடுத்த திரவம் அப்படி இழுபடாது. ஊசியிலிருந்து தண்ணீர்போலச் சொட்டும், கலங்கலாகவும் இருக்கும். பரிசோதனைக்கு முதலே பார்வையிலேயே பாதி விளங்கிவிடும்.

சுகமான சவ்வின் மேற்படை ஒன்றிலிருந்து மூன்று கலங்கள் தடிப்புத்தான். அதில் இரண்டு வகைக் கலங்கள் உண்டு. ஒன்று மக்ரோபேஜ்: கழிவையும் கிருமியையும் விழுங்கித் துப்புரவாக்குவது. மற்றது பைபுரோபிளாஸ்ட்: வழுவழுப்புப் பொருளையும் சவ்வின் பின்னலையும் உண்டாக்குவது. 2019இல் எலிகளில் செய்த ஒரு ஆய்வு, மேற்படை மக்ரோபேஜ்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்து ஒரு வேலிபோல நிற்கின்றன என்று காட்டியது. மூட்டழற்சி தொடங்கும்போது அந்த வேலி பிரிந்துவிடுகிறது.

நோய் வந்த சவ்வுக்குள் அப்படி யார்தான் வந்து சேர்கிறார்கள்?

உடலின் படை தன் ஆட்களையே சுடுகிறது என்றுதான் பொதுவாக விளக்குவார்கள். படை, முகாம் என்ற சொற்களை இந்த ஊரில் அவ்வளவு லேசாக உவமைக்கு எடுக்க எனக்கு மனம் வருவதில்லை. அதைவிட, கலியாண வீட்டுக்கு வந்த சனம் திரும்பிப் போகாமல் பின்வளவில் குசினி கட்டிக் குடியேறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர்கள் தங்கள் சொந்தக்காரரையும் கூப்பிடுகிறார்கள். வீட்டுக்காரனும் கொஞ்ச நாளில் அவர்களோடு சேர்ந்துவிடுகிறான். முடக்குவாத மூட்டில் நடப்பது ஏறத்தாழ இதுதான்.

முதலில் சவ்வுக்குள் புது இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. அவற்றின் வழியாக நிர்ப்பீடனத்தின் வெண்குழியங்களான ரி கலங்கள், பி கலங்கள், மக்ரோபேஜாக மாறப்போகும் மொனோசைற்றுகள் எல்லாம் உள்ளே வருகின்றன. ஒன்றிலிருந்து மூன்று கலத் தடிப்பாக இருந்த மேற்படை பத்துக் கலத் தடிப்புக்கு மேலேயும் போய்விடும். கையால் தொட்டால் மெத்தென்று இருக்கிற அந்த வீக்கம் வெறும் நீர் இல்லை. அதில் பாதி இந்தக் கலக் கூட்டம்.

ரி கலங்களில் ஒரு வகையை 2017இல்தான் தெளிவாக அடையாளம் கண்டார்கள். பி கலங்களுக்கு உதவுகிற ரி கலங்கள் வழக்கமாக நிணநீர்க் கணுக்களுக்குள் இருக்கும். இவை அந்த வேலையை மூட்டுக்குள்ளேயே இருந்து செய்கின்றன. பி கலங்களைக் கூப்பிடும் ஒரு இரசாயனத்தையும் விடுகின்றன. சிலருடைய சவ்வில் ரி கலமும் பி கலமும் திரண்டு, கழுத்தில் வருகிற நெறி போன்ற குட்டிக் கணுக்களாகவே அமைந்துவிடும். பி கலங்கள் முதிர்ந்து பிளாஸ்மா கலமாகி, பிறபொருளெதிரிகளை (அன்ரிபொடி) அந்த இடத்திலேயே சுரக்கும்.

மக்ரோபேஜ்தான் சத்தம் போடுகிற ஆள். ரி.என்.எப், இன்ரலூக்கின்-1, இன்ரலூக்கின்-6 என்ற, அழற்சியைத் தூண்டும் மூன்று புரதங்களையும் அது பெருமளவில் விடுகிறது. இன்ரலூக்கின்-6 இரத்தத்தோடு ஈரலுக்குப் போய், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி என்ற புரதத்தைக் கூட்டும். உங்கள் ரிப்போட்டில் சி.ஆர்.பி ஏறுவது அதனால்தான். களைப்பு, பசியின்மை, இரத்தச்சோகை இவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. விரலில் வருத்தம் என்று வந்தவர் உடம்பே சோர்ந்து கிடப்பது நடிப்பு இல்லை என்பதை வீட்டு ஆட்கள் தயவுசெய்து விளங்கிக்கொள்ள வேண்டும்.

நியூட்ரோபில் என்ற வெண்குழியத்தின் கதை வேறு. அது சவ்வில் அதிகம் தங்காது, திரவத்துக்குள் இறங்கிவிடும். சுகமான மூட்டுத் திரவத்தில் ஒரு கன மில்லிமீற்றருக்கு 200க்குக் குறைவான வெண்குழியங்களே இருக்கும். முடக்குவாதத்தில் 2,000இலிருந்து 50,000 வரை எண்ணலாம், பெரும்பாலானவை நியூட்ரோபில்கள். அவை சாகும்போது தங்கள் கருப்பொருளையே வலைபோல வெளியே எறிகின்றன. அந்த வலையில் ஒட்டியிருக்கும் புரதங்கள் மறுபடி பி கலங்களைத் தூண்டிவிடுகின்றன.

கடைசியாக வீட்டுக்காரன், அதாவது பைபுரோபிளாஸ்ட். நெடுங்காலம் இதை வெறும் தும்பு என்று நினைத்திருந்தார்கள். இப்போது பார்த்தால் அழிவு வேலையில் பாதி இதனுடையது. 2009இல் ஒரு ஆய்வில், முடக்குவாத மூட்டின் பைபுரோபிளாஸ்ட்டுகளை மனிதக் குருத்தெலும்புத் துண்டோடு சேர்த்து எலியின் ஒரு பக்கத்தில் வைத்தார்கள். மறு பக்கத்தில் குருத்தெலும்பை மட்டும் வைத்தார்கள். கலங்கள் எலியின் இரத்தத்தோடு பயணம் செய்து மறு பக்கத்தையும் போய் அரித்தன. எலியில் நடந்ததுதான், ஆனாலும் வலது கை வருத்தம் இடது கைக்கும் வந்ததை நினைக்கும்போது எனக்கு இந்த ஆய்வு ஞாபகம் வரும்.

எலும்பு எப்படி அரிபடுகிறது?

தடித்த சவ்வு குருத்தெலும்பின் மேல் நாக்குப்போலப் படர்கிறது. இதைப் பன்னஸ் என்பார்கள். அதன் முனையிலுள்ள பைபுரோபிளாஸ்ட்டுகள் விடுகிற நொதியங்கள் குருத்தெலும்பின் நாரைக் கரைக்கின்றன. எலும்பைக் கரைப்பது ஒஸ்ரியோகிளாஸ்ட் என்ற வேறொரு கலம். இது மொனோசைற்றின் வழிவந்தது, அதாவது மக்ரோபேஜின் ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. எலும்பைப் புதுப்பிப்பதற்காக எல்லார் உடம்பிலும் அது அளவோடு வேலை செய்கிறது. இங்கே பைபுரோபிளாஸ்ட்டும் ரி கலமும் விடுகிற ராங்க்-லிகண்ட் என்ற புரதம் அதைத் தேவைக்கு மேல் உருவாக்கிவிடுகிறது.

குருத்தெலும்பு முடிந்து உறை தொடங்கும் விளிம்பில் எலும்பு மூடாமல் கொஞ்சம் வெறுமையாக இருக்கும். சவ்வு அதை நேரடியாகத் தொடும். எக்ஸ்ரேயில் முதல் அரிப்புக் குழி அந்த விளிம்பில்தான் தெரியும். எக்ஸ்ரே சுத்தம் என்றால் அதில் தெரியும் அளவுக்கு எலும்பு இன்னும் அரிபடவில்லை என்றுதான் அர்த்தம். சவ்வு எப்படி இருக்கிறது என்று அது சொல்லாது. அதற்கு அல்ட்ராசவுண்ட் வேண்டும். சவ்வின் தடிப்பும் அதில் ஓடுகிற இரத்தமும் அதில் தெரியும்.

அன்ரி சி.சி.பி பொசிட்டிவ் என்று வந்திருக்கிறது. அது என்ன?

இதில் ஒரு வத்தகப்பழக் கதை இருக்கிறது. சிற்றுலின் என்ற அமினோ அமிலம் 1914இல் ஜப்பானில் வத்தகப்பழச் சாற்றிலிருந்துதான் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. அந்தப் பழத்தின் இலத்தீன் பெயரிலிருந்துதான் அதற்கு அந்தப் பெயர். அழற்சி உள்ள இடங்களில் ஒரு நொதியம் நம் புரதங்களிலுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை சிற்றுலினாக மாற்றிவிடுகிறது. இது எல்லார் உடம்பிலும் நடப்பதுதான். சிலருடைய நிர்ப்பீடனம் மட்டும் அந்த மாறிய புரதத்தை அந்நியமாகக் கண்டு அதற்கு எதிராகப் பிறபொருளெதிரி செய்கிறது. அன்ரி சி.சி.பி பரிசோதனை தேடுவது அதைத்தான். வத்தகப்பழம் சாப்பிடலாமா என்று உடனே கேட்காதீர்கள். தாராளமாகச் சாப்பிடலாம், பழத்திலிருக்கும் சிற்றுலினுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ரூமற்றொயிட் பக்டர் என்ற இன்னொரு பிறபொருளெதிரியைத் தேடுவது பழைய பரிசோதனை. நோர்வேயைச் சேர்ந்த எரிக் வாலர் 1940இல் அதை விவரித்தார். அது சுகமான முதியவர்களிலும் வேறு தொற்றுகளிலும் பொசிட்டிவாக வரும். அன்ரி சி.சி.பி அதைவிடக் குறிவைத்துச் சொல்லும். ஆனால் இரண்டும் நெகட்டிவாக இருந்தும் முடக்குவாதம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். ரிப்போட்டை மட்டும் பார்த்து முடிவு சொல்லச் சொல்லாதீர்கள், நான் சொல்லமாட்டேன்.

அப்படியானால் வருத்தம் மூட்டில் தொடங்குவதில்லையா?

பலருக்கு வேறெங்கோதான் தொடங்குகிறது போலிருக்கிறது. 2004இல் நெதர்லாந்தில், முடக்குவாதம் வந்தவர்கள் அதற்கு முன்பு தானம் செய்திருந்த இரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேரில் பிறபொருளெதிரி முன்கூட்டியே இருந்தது, நடுவளவாக நாலரை வருடத்துக்கு முன்னரே. அப்போது மூட்டில் ஒரு நோவும் இல்லை.

தொடங்கும் இடங்களாகச் சந்தேகப்படுபவை நுரையீரலும் முரசும் (பல் ஈறு). சிகரெட், பீடி, சுருட்டுப் புகை நுரையீரல் புரதங்களை சிற்றுலினாக மாற்றுவதைத் தூண்டும். குறிப்பிட்ட எச்.எல்.ஏ பரம்பரை அலகு உள்ளவர் புகைத்தால் ஆபத்து இன்னும் ஏறும். முரசு நோயில் காணப்படும் ஒரு பக்டீரியா அந்த மாற்றும் நொதியத்தைத் தானே வைத்திருக்கிறது. பரம்பரையை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது: ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது 100க்கு ஏறத்தாழ 15 பேரில்தான். தாய்க்கு இருக்கிறது என்று மகளின் சம்பந்தத்தைக் குழப்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

எனக்கு சிக்குன்குன்யா வந்த பிறகுதான் மூட்டு நோவு. அது முடக்குவாதமாக மாறிவிட்டதா?

2006இல் இந்தக் கரையோரம் முழுக்க சிக்குன்குன்யா அடித்தபோது குனிந்து நடந்தவர்களை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த வைரஸ் மூட்டையும் தாக்கும். சிலருக்கு மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கிலும் நோவும் வீக்கமும் நிற்கும். பார்வைக்கு முடக்குவாதம் மாதிரியே இருக்கும். ஆனால் அன்ரி சி.சி.பி பெரும்பாலும் நெகட்டிவாக வரும். எலும்பு அரிபடுவதும் குறைவு. ஒரு ஆய்வில் 18 மாதம் கழிந்த நோயாளி ஒருவரின் சவ்வு மக்ரோபேஜ்களுக்குள் வைரஸின் எச்சத்தைக் கண்டார்கள். பின்னர் கொலம்பியாவில் பலருடைய மூட்டுத் திரவத்தில் தேடியபோது வைரஸ் அகப்படவில்லை. வைரஸ் ஒளிந்திருப்பதாலா, அது போன பிறகும் கலங்கள் அடங்காததாலா என்பது இன்னும் விவாதமாகவே இருக்கிறது. காய்ச்சல் வந்து மூன்று மாதத்துக்குப் பிறகும் மொளிகள் வீங்கியிருந்தால் கிளினிக்குக்குப் போய்ப் பிரித்தறிந்துகொள்ளுங்கள்.

காலையில் மட்டும் ஏன் விரலை மடக்க முடியவில்லை?

சவ்வின் கலங்களுக்கும் நேரம் தெரியும். இன்ரலூக்கின்-6 விடியப்புறத்தில் உச்சத்துக்குப் போகிறது. அதை அடக்க வேண்டிய உடலின் சொந்த கோட்டிசோல் இரவு முழுக்கக் குறைந்திருந்து காலையில்தான் ஏறும். அசையாமல் படுத்திருந்ததில் திரவமும் தேங்கிவிடும். தேய்வில் இந்த விறைப்பு கொஞ்ச நேரத்தில் போய்விடும். முடக்குவாதத்தில் அரை மணி, ஒரு மணி, சிலருக்கு மத்தியானம் வரையும் இழுக்கும். எத்தனை நிமிடம் என்று கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். டொக்டருக்கு அது பிரயோசனமான தகவல்.

ஒரே மணிக்கட்டே திரும்பத் திரும்ப வீங்குகிறதே?

இழையத்துக்கும் ஞாபகம் இருக்கிறது. அழற்சி அடங்கிய பிறகும் ஒரு வகை ரி கலங்கள் இரத்தத்துக்குத் திரும்பாமல் சவ்விலேயே தங்கிவிடுகின்றன. அதே மூட்டில் மறுபடி எரிச்சலைத் தொடக்குவது அவையாக இருக்கலாம் என்று 2021இல் வந்த ஆய்வொன்று காட்டியது. ஒருமுறை தூண்டப்பட்ட பைபுரோபிளாஸ்ட்டும் பழையபடி சாதுவாகிவிடுவதில்லை. அடுத்த தடவை சின்னத் தூண்டலுக்கே பெரிதாகத் துள்ளும். முதல் மாதங்களிலேயே மருந்து தொடங்க வேண்டும் என்று டொக்டர்மார் அவசரப்படுத்துவது இந்த ஞாபகம் பதிந்துவிடும் என்ற பயத்திலும்தான்.

ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரேயொரு மூட்டு திடீரென்று சிவந்து, கொதித்து, காய்ச்சலும் வந்தால் அதை வழக்கமான முடக்குவாதம் என்று நினைத்து வீட்டில் இருக்க வேண்டாம். மூட்டுக்குள் கிருமி போயிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நோவு இப்போது இல்லை. குளிசையை நிறுத்தலாமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அம்மாவும் ஒருமுறை கேட்காமலே நிறுத்திவிட்டா. மூன்று மாதம் நன்றாகத்தான் இருந்தா. நாலாவது மாதம் சேலைக்குப் பின் குத்த முடியவில்லை.

நோவு அடங்குவதும் சவ்வு அடங்குவதும் வேறு வேறு. அல்ட்ராசவுண்டில் பார்த்தால், நோவில்லாத சிலருடைய மூட்டில் இன்னும் இரத்த ஓட்டம் கூடின தடித்த சவ்வு இருக்கும். 2020இல் இத்தாலி, ஸ்கொட்லாந்து ஆய்வாளர்கள் சேர்ந்து, வருத்தம் அடங்கியவர்களின் சவ்வை ஊசியால் எடுத்து ஒவ்வொரு கலமாகப் பார்த்தார்கள். மெர்-ரி.கே என்ற அடையாளம் தாங்கிய மக்ரோபேஜ்கள் அங்கே அதிகம் இருந்தன. இவை சண்டை மூட்டுகிறவை இல்லை, சமாதானம் பண்ணுகிறவை. பைபுரோபிளாஸ்ட்டை ஆற்றுகிற பொருள்களை விடுகின்றன. அந்த வகை குறைவாக இருந்தவர்களுக்கு மருந்தை நிறுத்தியபோது வருத்தம் கூடுதலாகத் திரும்பி வந்தது. அதனால் மக்ரோபேஜ் என்றாலே கெட்டது என்றும் எடுக்கக் கூடாது.

மருந்தைக் குறைக்கவே முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. நெடுங்காலம் அடங்கியிருந்தால் டொக்டர் படிப்படியாகக் குறைத்துப் பார்ப்பார். தானாக நிறுத்துவதுதான் பிரச்சினை.

ஒவ்வொரு மருந்தும் எந்தக் கலத்தைத் தொடுகிறது?

டைக்குளோபெனாக் போன்ற நோக் குளிசைகள் கலக் கூட்டத்தைக் கலைப்பதில்லை. நோவையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரொஸ்ரகிளாண்டினைத்தான் குறைக்கின்றன. பார்மசியில் அதை மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தால் உள்ளே அரிப்பு தொடரும். வயிறும் சிறுநீரகமும் வேறு பாதிக்கும்.

மெத்தோட்ரெக்சேட்டுக்கு வருவோம். பெரும்பாலானோருக்கு முதல் மருந்து அதுதான். சிறிய அளவில் கொடுக்கும்போது அது கலங்களைச் சுற்றி அடினோசின் என்ற பொருளைக் கூட்டி, தூண்டப்பட்ட கலங்களைத் தணிக்கிறது. வேலை செய்ய 6இலிருந்து 12 கிழமை எடுக்கும். கிழமைக்கு ஒருநாள் மட்டும். தினமும் போட்டு ஆபத்தில் முடிந்த சம்பவங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. வீட்டில் வாசிக்கத் தெரியாத ஆட்கள் என்றால் கலண்டரில் கிழமைக்கு ஒரு வட்டம் போட்டுக் கொடுங்கள். போலிக் அசிட் ஏன், இரத்தமும் ஈரலும் ஏன் அடிக்கடி சோதிக்கிறார்கள் என்பதெல்லாம் இந்த மருந்தின் பக்கவிளைவைக் குறைக்கவும் நேரத்தோடு பிடிக்கவும்தான்.

ஸ்டீரொயிட் எல்லாக் கலத்தையும் ஒரே அடியில் அமத்தும். அமெரிக்காவில் பிலிப் ஹெஞ்ச் 1948இல் ஒரு முடக்குவாத நோயாளிக்கு முதன்முதல் கோட்டிசோன் ஏற்றினார். சில நாளில் அவர் நடந்தார். 1950இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. நெடுநாள் கொடுத்தால் எலும்பும் தோலும் சீனியும் கெட்டுப்போகும் என்பது பிறகுதான் தெரிய வந்தது. இன்றைக்கு அதைக் கொஞ்ச நாளுக்கு, மெத்தோட்ரெக்சேட் பிடிக்கும்வரை ஒரு முண்டுபோலக் கொடுப்பதுதான் முறை.

குறிப்பிட்ட ஒரு புரதத்தையோ கலத்தையோ குறிவைக்கும் பயோலொஜிக் ஊசிகளின் கதை 1989இல் தொடங்குகிறது. இலண்டனில் மார்க் பெல்ட்மன், ரவீந்தர் மைனி குழுவினர் நோயாளிகளின் சவ்வுக் கலங்களைக் கிண்ணத்தில் வளர்த்து, ரி.என்.எப்பை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். இன்ரலூக்கின்-1உம் சேர்ந்தே குறைந்தது. ஒரு முளையைப் பிடுங்கினால் கூடாரமே சரியும் என்ற நம்பிக்கை அதில்தான் வந்தது. 1992இல் ரி.என்.எப்பை மறிக்கும் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். இன்று இன்ரலூக்கின்-6ஐ மறிப்பது தொசிலிசுமாப், பி கலத்தை அகற்றுவது ரிற்றுக்சிமாப், ரி கலத்தின் தூண்டலைத் தடுப்பது அபட்டசெப்ட் என்று பல இருக்கின்றன.

ரி.என்.எப் மறிக்கும் ஊசிக்கு முன் ஏன் கசநோய்ப் பரிசோதனை என்று கேட்கிறார்கள். நெஞ்சுக்குள் பழைய கசக் கிருமியை மக்ரோபேஜ்கள் சுற்றி அடைத்து வைத்திருக்கும். அந்த அடைப்பு நிற்பதே ரி.என்.எப்பால்தான். அதை எடுத்தால் கிருமி வெளியே வரலாம்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒத்துக்கொண்ட ஊசி எனக்கு ஏன் கேட்கவில்லை?

இரண்டு பேரின் சவ்வும் ஒரேமாதிரி இல்லாததால் இருக்கலாம். 2023இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் முடக்குவாதம் உள்ள 70 பேரிடமும் தேய்வு உள்ள 9 பேரிடமும் சவ்வு எடுத்து, 314,000க்கு மேற்பட்ட கலங்களை ஒவ்வொன்றாக வகைப்படுத்தினார்கள். முடக்குவாதச் சவ்வு ஆறு தினுசாகப் பிரிந்தது. சிலரில் ரி கலமும் பி கலமும் நிறைந்திருந்தன, சிலரில் மக்ரோபேஜ், இன்னும் சிலரில் பைபுரோபிளாஸ்ட் மட்டுமே ஓங்கியிருந்தது.

இதை வைத்து மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியுமா? 2021இல் அதைச் சோதித்தார்கள். சவ்வில் பி கலம் குறைந்தவர்களுக்கு ரிற்றுக்சிமாபா தொசிலிசுமாபா என்பது கேள்வி. நுண்ணோக்கியில் பார்த்துப் பிரித்தபோது தெளிவான வித்தியாசம் வரவில்லை. கலங்களில் எந்தப் பரம்பரை அலகு வேலை செய்கிறது என்று காட்டும் ஆர்.என்.ஏ.யை அளந்து பிரித்தபோது தொசிலிசுமாப் 100க்கு 63 பேருக்கும், ரிற்றுக்சிமாப் 36 பேருக்கும் வேலை செய்தது. வாழ்நாளெல்லாம் நுண்ணோக்கியோடு இருந்த எனக்கு அதைப் படிக்கக் கொஞ்சம் கவலைதான். சவ்வை எடுத்துப் பார்ப்பது இன்னும் எல்லா இடத்திலும் வழக்கத்துக்கு வரவில்லை. ஒரு மருந்தைக் கொடுத்து மூன்று மாதம் பார்த்து மாற்றுவதுதான் நடைமுறை. ஊசி கேட்கவில்லை என்றால் உங்கள் பிழை ஒன்றும் இல்லை.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் சுகம் வருமா?

ஏழு கிணறு, ஏழு சூடு. அம்மாவை நானும் கூட்டிப் போயிருக்கிறேன். வெந்நீர் ஊற்றினால் தசை தளரும், விறைப்பு இளகும், அன்றைய பொழுது நல்லாயிருக்கும். சவ்விலுள்ள கலங்கள் அதனால் கலைவதில்லை. போய்க் குளியுங்கள், வந்து குளிசையும் போடுங்கள். மூட்டு சிவந்து கொதிக்கிற நாளில் சூடு வேண்டாம்.

நண்டு, இறால், கத்தரிக்காய் எல்லாம் விலக்க வேண்டுமா?

நண்டும் இறாலும் விலக்கச் சொல்வது கவுட் என்ற யூரிக் அமில மூட்டு வருத்தத்துக்கு. அது இங்கே தவறாக ஒட்டிக்கொண்டுவிட்டது. கத்தரிக்காய், தக்காளிக்கும் ஆதாரம் இல்லை. கீரி, சூடை போன்ற கொழுப்பு மீன்களிலுள்ள ஒமேகா-3 அழற்சியைக் கொஞ்சம் தணிக்கும். ஆய்வுகளில் கொடுத்த அளவு நாளுக்கு ஏறத்தாழ 3 கிராம், கறியில் மட்டும் அவ்வளவு கிடைப்பது கஷ்டம். ஆனாலும் இந்த ஊரில் இருந்துகொண்டு மீன் சாப்பிட ஒரு காரணம் வேண்டுமா என்ன?

நாட்டு மருந்து எடுக்கலாமா?

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நம் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். பதிவு பெற்ற சித்த வைத்தியரிடம் போவதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன், ஆனால் இரண்டு பக்கமும் என்ன எடுக்கிறீர்கள் என்று இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டும். நான் பயப்படுவது பெயரில்லாத போத்தலுக்கும் பொட்டலத்துக்கும். இரண்டே நாளில் நோவு பறந்தது என்றால் சந்தேகப்படுங்கள். மூலிகை என்று விற்ற மூட்டு மருந்துகளில் ஸ்டீரொயிட் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. சில மாதத்தில் முகம் உப்பி, சீனி ஏறி வருவார்கள். அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போங்கள்.

மகளுக்கு முடக்குவாதம். கலியாணம் பேசியிருக்கிறோம். பிள்ளை பெறலாமா?

பெறலாம். கர்ப்ப காலத்தில் பலருக்கு வருத்தம் தானாகவே தணிகிறது. ஹெஞ்ச் கோட்டிசோனைத் தேடிப் போனதற்கே இந்தத் தணிவைக் கவனித்தது ஒரு காரணம். தகப்பன் வழிப் புரதங்களையும் சுமக்கிற பிள்ளையைப் பொறுத்துக்கொள்வதற்காகத் தாயின் ரி கலங்கள் அடங்கிப்போவதால் மூட்டும் சேர்ந்து ஆறுகிறது என்று கருதுகிறார்கள். பிள்ளை பிறந்து சில மாதத்துக்குள் வருத்தம் திரும்ப எழும்புவதும் சாதாரணம். அந்த நேரத்தில் பிள்ளையைத் தூக்கக் கையில் பலம் இருக்காது, வீட்டில் இன்னொருவர் நிற்க வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட்டும் லெப்லுனொமைட் என்ற இன்னொரு முடக்குவாத மருந்தும் கருவைப் பாதிக்கும். அவற்றை முன்கூட்டியே நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும், அதற்கு மாதக்கணக்கு எடுக்கும். ஆகவே நாள் வைத்த பிறகு, பிள்ளை நின்ற பிறகு என்று தள்ளிப்போடாமல், அடுத்த கிளினிக்குக்கு மகளையும் மாப்பிள்ளையாகப் போகிறவரையும் ஒன்றாக அனுப்புங்கள்.